கோட்டைவாசல், பிற்பகல் மூன்று

வேனின் கூரையில் மூங்கில் கழி,
கழியின் நுனியில் ஆண்டெனா,
ஆண்டெனாவின் மேல் ஒரு கரிச்சான்.
"அதுக்கு எத்தனை புள்ளி கிடைக்குதுன்னு கேளு"
என்கிறாள் ஜெபராணி,
ஸ்டியரிங்கில் கால் போட்டபடி.

இரண்டு சிம் போடும் பெட்டி எங்களுடையது.
ஒன்று செங்கோட்டையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும்,
மற்றது ஆரியங்காவை.
வேனைப் பத்தடி முன்னால் எடுத்தால்
கேரளம் வரவேற்று ஒரு குறுஞ்செய்தி,
பின்னால் எடுத்தால் தமிழ்நாடு.
நேற்றிரவு மட்டும் பதினோரு முறை வரவேற்கப்பட்டோம்.
ஒருமுறைகூட யாரும் வழியனுப்பவில்லை.

மழைக்குப் பயந்து கதவைச் சாத்தினால்
தகரம் சிக்னலைத் தின்னும்.
திறந்து வைத்தால் சாரல் மடிக்கணினியைத் தின்னும்.
சூரியத் தகட்டுக்கு மூன்று நாளாய்ப் பட்டினி.

படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்றால்
இந்த ஒன்றரைப் புள்ளியே தாராளம்.
என் பிழைப்பு கைகளில்.
தென்காசி ஆஸ்பத்திரியில் இன்று மூன்று மணிக்கு
காது கேளாத ஒருவருக்கும்
சைகை தெரியாத ஒரு டாக்டருக்கும் நடுவே
திரையில் நான் இருக்க வேண்டும்.
குரல் அறுந்தால் மிச்சத்தை ஊகிக்கலாம்.
கை நின்றால் ஊகிக்க எதுவுமில்லை.
நெஞ்சருகே உறைந்த உள்ளங்கை
வலியாகவும் இருக்கலாம்,
வணக்கமாகவும் இருக்கலாம்.

டீக்கடைத் தங்கச்சன் கை காட்டினார்:
"அந்தப் பிலாவுக்குக் கீழே இட்டுக்கோ.
ரிசல்ட் பார்க்கான் எல்லாரும் அவிடெயாணு நிக்குறது."

இட்டுக்கொண்டோம். நான்கு புள்ளி!
நான்கு புள்ளியை நான் கடைசியாகப் பார்த்தது
கயத்தாறில்.

இரண்டு ஐம்பதுக்குப் பைக்குகள் ஏறி வந்தன,
புளியரையிலிருந்து, செங்கோட்டையிலிருந்து.
சட்டைப் பையில் மடித்த லாட்டரிச் சீட்டோடு
நாற்பது பேர், நாற்பது போன்,
ஒரே டவர்.
மூன்று மணிக்கும் அந்த நான்கு புள்ளி
அப்படியேதான் இருந்தது,
உள்ளே ஒன்றுமில்லாமல்,
பந்தி முடிந்த இலை போல.

பேச்சிமுத்து திரையில் வந்தார்.
(பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரியுமுன்பே
பேச்சியம்மன் பேரை வைத்துவிட்ட வீடு.)
கையை அடிவயிற்றுக்குக் கொண்டுபோனார்.
அங்கேயே நின்றுபோனார்.
டாக்டர் குரல் மட்டும் வந்தது: "எத்தனை நாளா?"
சுற்றிக்கொண்டேயிருந்தது வட்டம்.

ஜெபராணி இறங்கிப் போனாள்.
என்ன சொன்னாளோ.
ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு
எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம்.
சிலர் போனை அணைத்தார்கள்,
சிலர் அணைத்ததாகக் காட்டினார்கள்.
"எனக்கு விழுந்ததை நான் பாக்காமப் போனா
டாக்டரா தருவாரு?" என்று
நீலச் சட்டைக்காரர் ஒருவர்
வளைவைத் தாண்டி நடந்தார்.
தங்கச்சன் தன் ஒற்றைப் போனை மூக்கருகே பிடித்து
எண்களை மலையாளத்தில் உரக்க வாசிக்க,
பண்பொழிக்காரர் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

அப்போது அசைந்தது அந்தக் கை.
ஒன்பது நாள்.
சாப்பிட்டால் கூடுகிறது.
ராத்திரியில் முதுகுவரை போகிறது.
நான் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதினார்.
ஜன்னலுக்கு வெளியே, பலாவடியில்,
இன்னொரு மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது:
நான்கு, பூஜ்யம், ஏழு, ஏழு.
ஒருவருக்கும் விழவில்லை.

பதினேழு நிமிடம் அறுபடாமல்.
ஸ்கேன் எழுதி, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.
எழுந்து போகுமுன் பேச்சிமுத்து
கைகளால் கேட்டார்: உன் முதுகுக்குப் பின்னால்
யார் இத்தனை பேர்?
தோற்றுப்போனவர்கள், என்று காட்டினேன்.
அவர் சிரிக்கத் தொடங்கிய இடத்தில் படம் நின்றது,
வாய் திறந்து, தோள் தூக்கி.
அது திரும்ப அசையும் என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் நகரவேயில்லை. போன் அதிர்ந்தது:
தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது.
பன்னிரண்டு.

"வெள்ளிக்கிழமைக்கும் இங்கயே நிறுத்தலாமா?"
ஜெபராணி டீ கிளாஸை நீட்டினாள்.
தங்கச்சன் பாய்லரைத் துடைத்தபடி சொன்னார்:
"வெள்ளியாழ்ச்சையும் குலுக்கல் உண்டு."